ஃப்ராங்க் வில்சனை விட்டுட்டியே கண்ணா

கண்ணா,

நீ அனுப்பின மிக்ஸ் முழுசா கேட்டேன். சமையல் பண்ணிட்டே ஒரு தடவை, அப்புறம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒரு தடவை. கை நல்லாவே பழகிருச்சு உனக்கு, ஒரு பாட்டுலேர்ந்து அடுத்ததுக்கு தாவுற இடம் எங்கயும் தட்டவே இல்லை. ஆனா போன்ல நீ ஒண்ணு சொன்ன பாரு, அது மட்டும் எனக்கு ஜீரணமே ஆகலை, அதான் உக்காந்து டைப் பண்றேன். டிஸ்கோவே ஃபிலடெல்ஃபியாலதான் பொறந்துச்சாம், 1973ல ஹெரால்ட் மெல்வின் குரூப்போட 'தி லவ் ஐ லாஸ்ட்'ல ட்ரம்மர் எர்ல் யங் அந்த ஹை-ஹேட்டை, அதான் ட்ரம் செட்ல இருக்கற ஜோடி தட்டை, அடிச்சதுதான் ஆரம்பமாம். எர்ல் யங்கை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், அந்த ஹை-ஹேட் இல்லாம அப்புறம் வந்த டிஸ்கோ ஏது. ஆனா ட்ரம்ல விழற அடி வேற, பாட்டை எப்படி கட்டறதுங்கறது வேற. ஆடற கூட்டத்தை மெல்ல ஏத்தி, நடுவுல எல்லாத்தையும் உருவி விட்டு, ஒண்ணுமில்லாத இடத்துலேர்ந்து மறுபடி மேல கொண்டு வர்ற அந்த வேலை இருக்கே, அதை 1972 மே மாசம் வந்த ஒரு எல்பியிலயே, அதான் நிறைய பாட்டு இருக்கற பெரிய ரெக்கார்ட்லயே, ஒருத்தர் செஞ்சு வெச்சுட்டார்டா. மோடவுன்ங்கற அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனியில ப்ரொட்யூசரா இருந்த ஃப்ராங்க் வில்சன். உன் மிக்ஸ்ல மருந்துக்கு கூட அந்த ஆள் இல்லை.

எல்பி பேரு 'பீப்பிள்... ஹோல்ட் ஆன்'. பாடினது எடி கென்ட்ரிக்ஸ், டெம்ப்டேஷன்ஸ்ங்கற பாட்டு குரூப்லேர்ந்து 1971ல வெளிய வந்தவர், உச்சஸ்தாயில மெல்லிசா பாடற அந்த ஃபால்செட்டோ குரல்காரர். அதுல 'கேர்ள் யூ நீட் எ சேஞ்ச் ஆஃப் மைண்ட்'னு ஒரு பாட்டு, ஏழரை நிமிஷத்துக்கு ஓடும். எழுதினது லெனர்ட் காஸ்டனும் அனிடா பொரீயும், ப்ரொட்யூஸ் பண்ணது வில்சனும் காஸ்டனும் சேர்ந்து. வரிகளை ரொம்ப கவனிக்காதே, பொண்ணுங்க உரிமை கேட்டு ஊர்வலம் போறதெல்லாம் எதுக்கு, மனசை மாத்திக்கோம்மான்னு ஒரு ஆம்பளை கெஞ்சற பாட்டு, எனக்கு அதுல எரிச்சல்தான். ஆனா இசையை கேளு. அவசரமே கிடையாது அதுக்கு. பீட் ஒரே சீரா போயிட்டே இருக்கும், அந்த மெல்லிசு குரல் அது மேல மிதக்கும், கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏறும், சரி இனி உச்சத்துக்கு போயி முடிச்சிருவாங்கன்னு நீ நினைக்கற நேரத்துல ஒவ்வொண்ணா கழண்டு போயி தாளம் மட்டும் மிஞ்சும். அங்கேர்ந்து வாத்தியம் ஒவ்வொண்ணா திரும்ப வந்து உக்காரும். இன்னிக்கு நீங்கள்லாம் பிரேக்டவுன்னு சொல்லி வாராவாரம் கிளப்ல பண்றீங்களே, அதேதான். 1972ல ரேடியோவுக்கு மூணு நிமிஷத்துல பாட்டை முடிச்சு குடுக்கணும், அந்த காலத்துல இதை செஞ்சிருக்கார்.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடி அவர்கிட்ட கேட்டிருக்காங்க. சர்ச்லேர்ந்துன்னு சொல்லியிருக்கார். சின்ன வயசுலேர்ந்தே அந்த பழக்கம், அங்க பாட்டு அடங்கி மறுபடி பொங்கறது சர்வ சாதாரணம், ஸ்டுடியோல வாசிச்சிட்டு இருக்கும்போதே ஆளுங்களுக்கு சைகை காட்டி எல்லாத்தையும் குறைச்சு, அப்புறம் ஒவ்வொருத்தரா உள்ள வாங்கன்னு சொல்லி எடுத்தாராம். முன்கூட்டி எழுதி வெச்சது இல்லை. நம்ம பழைய வீட்டுக்கு பின்னாடி இருந்த சபையில ஞாயித்துக்கிழமை கேப்போமே, கீபோர்டு, ட்ரம்ஸ் எல்லாம் நின்னு போயி கைதட்டு மட்டும் ஓடும், அப்புறம் பாஸ்டர் ஒரு அல்லேலூயா விட்டதும் திரும்ப எல்லாம் சேர்ந்து எகிறும், நீ கூட தூக்கம் போச்சுன்னு கத்துவியே, அதே சங்கதிதான். அதனாலதான் எனக்கு இந்த பாட்டு முதல் தடவை கேட்டப்பவே புதுசா படலை.

இதை பிடிச்சது ரேடியோ இல்லை, நியூயார்க் டான்ஸ் ஃப்ளோர்தான். சிங்கிளா, அதான் ஒத்தை பாட்டுக்கான சின்ன ரெக்கார்டா, வந்தப்போ பாட்டை ரெண்டா வெட்டி பார்ட் ஒன் ஒரு பக்கம், பார்ட் டூ பின்பக்கம்னு போட்டாங்க, பாப் சார்ட்ல நூறுக்குள்ள கீழ்க்கோடியில வந்துட்டு போயிருச்சு. ஆனா டேவிட் மன்குசோ 1970லேர்ந்து பிராட்வேல தன் வீட்டுலயே பார்ட்டி நடத்திட்டு இருந்தாரே, தி லாஃப்ட், சாராயம் விக்காம, அழைப்பு இருந்தா மட்டும் உள்ள விடற இடம், அங்க இது கோயில் பாட்டு மாதிரி ஆயிருச்சு. நீளமான பாட்டு முழுசா அடங்கற பன்னெண்டு இன்ச் சிங்கிள் கடைக்கு விக்க வந்ததே 1976லதான், அதனால அது வரைக்கும் நீளமா போடணும்னா டிஜே எல்பியை வாங்கணும், இல்லைன்னா சிங்கிள்ல ரெண்டு காப்பி வாங்கி ஒண்ணு முடியும்போது இன்னொண்ணுல பின்பக்கத்தை ஓட விடணும். யோசிச்சு பாரு, ஆடறவங்களுக்கு நீளமான பாட்டு வேணும்னு கம்பெனிக்கே உறைக்கறதுக்கு முன்னாடி ஒரு ப்ரொட்யூசர் ஏழரை நிமிஷத்துக்கு எடுத்து வெச்சிருக்கார், அதுவும் டான்ஸ் ஃப்ளோரை மனசுல வெச்சு இல்லை, சர்ச் பாட்டை மனசுல வெச்சு. அதே எல்பியில 'டேட் வித் தி ரெய்ன்' இருக்கு, 'மை பீப்பிள்... ஹோல்ட் ஆன்' இருக்கு, அது ரெண்டையும் கூட அந்த டிஜேங்க விடலை. ஹிப்-ஹாப் ப்ரொட்யூசர் ஜே டில்லா தன் 'டோனட்ஸ்' ஆல்பத்துல அந்த ரெண்டாவதைத்தான் வெட்டி ஒட்டியிருக்கார், நீ அதை ஆயிரம் தடவை கேட்டிருப்ப.

அப்புறம் 1973ல 'கீப் ஆன் ட்ரக்கின்'. வில்சன், காஸ்டன், பொரீ, அதே கூட்டணி, எல்பியில எட்டு நிமிஷம், நவம்பர்ல அமெரிக்கால நம்பர் ஒன். அடுத்த வருஷம் 'பூகி டவுன்' ரெண்டாவது இடம். 'சாட்டர்டே நைட் ஃபீவர்' டிஸ்கோ படத்துல ஜான் டிரவோல்டா வெள்ளை சூட் போடறதுக்கு நாலு வருஷம் முன்னாடிடா இதெல்லாம்.

இவ்வளவு செஞ்ச ஆள் பேரு ஏன் வெளிய தெரியலைன்னா, எனக்கு தோணறது என்னன்னா, மோடவுன்ல அதே 1972ல நார்மன் விட்ஃபீல்ட்னு இன்னொரு ப்ரொட்யூசர் டெம்ப்டேஷன்ஸை வெச்சு 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' எடுத்தார், பன்னெண்டு நிமிஷம், எங்க தொட்டாலும் அவர் முத்திரை தெரியும். வில்சன் அப்படி இல்லை, யாரை பாட வைக்கிறாரோ அவங்களுக்கு தகுந்த மாதிரி தன்னை மாத்திக்கற ஆள். பாடகி டயானா ராஸ் 1970ல சுப்ரீம்ஸ்ங்கற மோடவுன் பெண்கள் குரூப்பை விட்டு போனதும் அந்த குரூப் அவ்வளவுதான்னு எல்லாரும் நினைச்சாங்க, 'அப் தி லேடர் டு தி ரூஃப்', 'ஸ்டோன்ட் லவ்'னு வரிசையா குடுத்து தூக்கி நிறுத்தினது இவர்தான். 'ஸ்டோன்ட் லவ்' எழுதினதுல டெட்ராய்ட் பையன் ஒருத்தனும் இருந்தான், கென்னி தாமஸ், ரெக்கார்ட்ல அவன் பேரை தலைகீழா யென்னிக் சமோத்னு போட்டிருக்கும், அதை பாத்து நான் ரொம்ப நாள் ஏதோ ரஷ்யாக்காரர்னு நினைச்சிட்டு இருந்தேன். அந்த பாட்டையும் கேளு, அடி எப்படி நிக்காம தள்ளிட்டே போகுதுன்னு, 1970லயே அந்த ஆசை அவருக்கு இருந்திருக்கு.

இன்னொண்ணு, இது உன் ஊர் சமாச்சாரம். மான்செஸ்டர்லேர்ந்து விகன் எவ்வளவு தூரம், ட்ரெய்ன்ல ஏறினா வந்துரும்ல? வில்சன் 1965ல தானே பாடி ஒரு சிங்கிள் பண்ணார், 'டூ ஐ லவ் யூ'. வெளிய வர்ற நேரத்துல மோடவுன் முதலாளி பெர்ரி கோர்டி, நீ பாடகரா இருக்கணுமா ப்ரொட்யூசரா இருக்கணுமான்னு கேட்டாராம், இவர் ப்ரொட்யூசர்னு சொல்லிட்டார். அச்சடிச்ச காப்பியெல்லாம் அழிச்சாச்சு, தப்பினது விரல் விட்டு எண்ணிரலாம். அதுல ஒண்ணு எப்படியோ இங்கிலாந்துக்கு வந்து, விகன் கேசினோல விடிய விடிய ஆடின பசங்க மத்தியில எடி ஃபாஸ்டர்னு பொய் பேரோட ஓடிச்சு, போட்டி டிஜே கண்டுபிடிக்கக் கூடாதுன்னு பேரை மறைக்கறது அங்க வழக்கம். 2009ல ஒரு காப்பி 25,742 பவுண்டுக்கு ஏலம் போச்சு. அந்த கேசினோ கட்டடம் இப்போ இல்லை, இடிச்சுட்டாங்க, ஷாப்பிங் சென்டர் நிக்குது. ரசிகர் கூட்டத்துக்கு வில்சன்னா இந்த ஒத்தை ரெக்கார்ட் மட்டும்தான். அதுல எனக்கு கோவம். வெளிய விடாம அழிச்சது ஒரு பாட்டு, அதுக்கு இவ்வளவு காசு, ஆனா அவர் எடுத்த எல்பி பழைய ரெக்கார்ட் கடையில அதுல ஒரு துளி விலைக்கு கிடைக்கும்.

1976ல, டிஸ்கோல காசு கொட்ட ஆரம்பிச்ச நேரத்துல, மோடவுனை விட்டு விலகி ஊழியத்துக்கு போயிட்டார், மனைவியோட சேர்ந்து ஊர் ஊரா போயி பேசினார், புத்தகம் எழுதினார். 2012ல இறந்தார், 71 வயசு. ஏன் விட்டார்னு உங்கப்பா கேட்டார், பாட்டை கேட்டா தெரியும், அந்த ஆள் சர்ச்லேர்ந்து வெளிய வந்தாதானே திரும்ப போறதுக்குன்னு சொன்னேன், அவர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு குளிக்க போயிட்டார்.

அடுத்த மிக்ஸ்ல 'சேஞ்ச் ஆஃப் மைண்ட்'டை போடு, சிங்கிள் வெட்டு வேண்டாம், எல்பி வெர்ஷன் முழுசா. பிரேக்டவுன் வர்ற இடத்துல அடுத்த பாட்டை நுழைக்கணும்னு உனக்கு கை பரபரக்கும், நுழைக்காதே, அவரே ஏத்தி முடிக்கட்டும். போட்டுட்டு எனக்கு எதிரா பேச ஏதாவது இருந்தா ஞாயித்துக்கிழமை கூப்பிடு, எர்ல் யங்குக்கு வக்காலத்து வாங்கறதா இருந்தாலும் பரவாயில்லை, ஆனா உன் டைம் காலைல கூப்பிடு, உங்க ராத்திரி எங்களுக்கு விடியக்காலை மூணு மணி.

அம்மா