தங்கராஜ் அண்ணனின் செவன் அயன்

குன்னூர்
8.6.2025

அன்புள்ள பீட்டர்,

உன் கடிதம் வந்து பதினோரு மாதம் ஆகிறது. மேஜை இழுப்பறையில் கேஸ் ரசீதுகளுக்கு நடுவே கிடந்து, திறக்கும்போதெல்லாம் என்னை முறைக்கிறது. திட்டுவதை நேரில் வந்து திட்டு. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. சின்னவளுக்கு மதுரையில் வேலை. விசாலத்துக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம் இல்லை. குடும்பச் செய்தி முடிந்தது.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. கோல்ஃப் கிளப்பில் நம்மோடு பை தூக்கிய தங்கராஜ் அண்ணன் போய்விட்டார். மே 29, வியாழன் விடியற்காலை, தூக்கத்திலேயே. எண்பத்து மூன்று வயது. உன் வீட்டு போனுக்கு அடித்தேன், இணைப்பே இல்லை. செல்போன் வாங்க மாட்டேன் என்ற வீம்பை இன்னுமா வைத்திருக்கிறாய்? தெரிந்திருந்தால் ஓசூரிலிருந்து எப்படியும் வந்திருப்பாய்.

கடைசி ஒரு வருஷம் நான் சனிக்கிழமை தோறும் அண்ணனைப் பார்க்கப் போனேன். அதற்குக் காரணம் ஒரு தொப்பி. போன வருஷம் மே மாதம் மிச்சிகனில் பெரியவன் வீட்டில் இருந்தபோது, பக்கத்து ஊரான பென்டன் ஹார்பரில், பி.ஜி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் நடத்தும் சீனியர் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடந்தது. ஐம்பது வயது தாண்டினவர்கள் மட்டும் ஆடும் போட்டி. கிழவர்கள் கோல்ஃபில் என்ன இருக்கும் என்று அரை மனதோடுதான் போனேன். தொழிற்சாலைக் கழிவு கொட்டிக் கிடந்த நிலத்தைச் சுத்தம் செய்து, கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த மைதானம் அது. 2010-ல் திறப்பு விழா அன்று பத்தாவது கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள புல்தரை), பந்தை உருட்டும் பட்டர் மட்டையால் போடவே முடியாது என்று இன்னொரு பழைய ஆட்டக்காரர் ஜானி மில்லர் சொன்ன தூரத்திலிருந்து, எழுபது வயது நிக்லாஸ் மேட்டில் ஏற்றி உருட்டிக் குழியில் போட்டுக் காட்டினாராம். 102 அடி! ‘நான் எண்பது அடி போட்டேன்’ என்று ஒருத்தன் சத்தியம் செய்வானே, அவன் நினைவு வந்து தனியாகச் சிரித்தேன். (அது முப்பது அடிகூட இருக்காது பீட்டர். நான்தான் கொடி பிடித்துக்கொண்டு நின்றேன்.)

அன்று ஜெயித்தது ரிச்சர்ட் பிளாண்ட் என்ற இங்கிலாந்துக்காரர். கடைசி ரவுண்டை 63 ஸ்ட்ரோக்கில் முடித்தார் (பந்தை ஒரு தடவை அடித்தால் ஒரு ஸ்ட்ரோக், குறைய அடிப்பவர்தான் ஜெயிப்பார்). இவர் ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் முதல் வெற்றியைப் பார்த்ததே 48 வயதில், 478-வது போட்டியில். நினைத்துப் பார், 477 தடவை தோற்று வீடு திரும்பிய மனுஷன்! அதே மைதானத்தில் 2012-ல் ஜெயித்த ரோஜர் சாப்மனும் இங்கிலாந்துக்காரர், அவரும் ஐரோப்பிய டூரில் ஒரே ஒரு முறை ஜெயித்தவர். இரண்டு பேரும் அந்தந்த வருஷமே யு.எஸ். சீனியர் ஓப்பனையும் தூக்கினார்கள். அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது.

சரி, தொப்பிக்கு வருகிறேன். அங்கே ஒரு தொப்பி வாங்கி வந்து அண்ணனுக்குக் கொடுத்தேன். தலையில் மாட்டிக்கொண்டு, “யார்றா ஜெயிச்சது?” என்றார். சொன்னேன். “அதுக்கு முன்னாடி?” என்றார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, விடுவாரா. அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் ஜெயித்தவர்களின் பட்டியலோடு போக வேண்டியதாயிற்று. 1937-லிருந்து ஆரம்பித்தோம்.

முதல் போட்டி நடந்தது அமெரிக்காவின் அகஸ்டாவில், அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸின் மைதானத்தில். ஜெயித்தவர் ஜாக் ஹட்சிசன், அடுத்த வருஷம் ஃப்ரெட் மெக்லியாட், இருவரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள். மெக்லியாட் 1908-ல் யு.எஸ். ஓப்பன் ஜெயித்தபோது எடை 49 கிலோதான் என்றதும் அண்ணன், “நம்ம மணி மாதிரி. ஆனா அவன் பந்தை அடிச்சான்” என்றார். 1963-ல் அதே அகஸ்டாவில், அழைப்பு வந்தவர்கள் மட்டும் ஆடும் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியின் முதல் பந்தை அடித்துத் தொடங்கிவைக்கும் கௌரவத்தை இந்த இரண்டு கிழவர்களுக்கும்தான் கொடுத்தார்கள். 1940-ல் ஃபுளோரிடாவுக்குப் போன போட்டி, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. சீனியர்களுக்கென்று தனி டூர் வந்தது 1980-ல்தான், அதுவரை வயசானவர்களுக்குப் பெரிய மேடை இதுதான். ஆனால் ஒழுங்காக வருஷம் ஒன்று என்று நடத்தத் தெரியவில்லை. 1979-லும் 1984-லும் இரண்டிரண்டு முறை நடத்தினார்கள், 1983-லும் 1985-லும் நடத்தவேயில்லை. “நம்ம மாரியம்மன் திருவிழா கமிட்டி கணக்கா இருக்கு” என்றார் அண்ணன்.

சாம் ஸ்னீட் ஆறு முறை ஜெயித்திருக்கிறார், இன்றுவரை அதைத் தொட்டவர் இல்லை. 1973-ல், அறுபது வயதில், அடுத்தவரை 15 ஸ்ட்ரோக் பின்னால் விட்டார். அண்ணன் அதை நம்பவில்லை. “ஸ்கோர் கார்டை எழுதினது யாரு, பீட்டரா?” என்றார். பால்மர், பிளேயர், நிக்லாஸ், ட்ரெவினோ என்று பெரிய பெயர்களெல்லாம் வந்தபோது தலையாட்டினாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. 1993-ல் ஜெயித்த டாம் வார்கோ வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். இருபத்தைந்து வயதில்தான் கிளப்பையே கையில் எடுத்து, தானே கற்றுக்கொண்டவர். இரும்புக் கட்டுமான வேலை, மது பரிமாறும் வேலை எல்லாம் பார்த்தவர்.

ஆனால் அவர் நாலைந்து வாரம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒருவரைப் பற்றித்தான். 1975, சார்லி சிஃப்போர்ட்.

கறுப்பர். வட கரோலினாவின் சார்லட்டில், வெள்ளைக்காரர்கள் மட்டும் ஆடும் கிளப்பில் சின்ன வயதிலேயே கேடியாக, அதாவது ஆடுகிறவர்களின் பையைத் தூக்குகிறவராக, இருந்தவர். அமெரிக்க பி.ஜி.ஏ.வின் சட்டத்திலேயே வெள்ளை இனத்தாருக்கு மட்டும் உறுப்பினர் இடம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை நீக்கியது 1961-ல். அப்போது சிஃப்போர்டுக்கு வயது 39. கை நன்றாக ஓடுகிற வயதெல்லாம் வெளியே நின்றே போயிற்று. அதற்குப் பிறகும் 1967-ல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் டூர் போட்டிகளை ஜெயித்தார். மாஸ்டர்ஸுக்கு மட்டும் ஒரு முறைகூட அழைப்பு வரவில்லை. அப்புறம் 1975-ல், எந்தச் சங்கம் கதவைச் சாத்தியதோ அதே சங்கத்தின் சீனியர் கோப்பையை, சமநிலையை முறிக்க ஆடும் பிளே-ஆஃபில் ஜெயித்தார். அகஸ்டாவில் பிறந்த போட்டியை, அகஸ்டா கூப்பிடாத மனுஷன் ஜெயித்தார். லீ எல்டர் முதல் கறுப்பராக மாஸ்டர்ஸில் ஆடியதும் அதே வருஷம்தான்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. “அவன் கேடியா இருந்தவனா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நம் இரண்டு பேருடைய அம்மாக்களும் ‘பையன் கேடி வேலைக்குப் போறான்’ என்று தெருவில் சொல்ல வெட்கப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சொல்லைச் சொல்லி அன்று அண்ணன் சிரிக்கவில்லை.

பீட்டர், நீயும் நானும் பார்த்திருக்கிறோம். மூடுபனியில் கொடியே தெரியாத காலையில், அண்ணன் செருப்புக்காலோடு நின்று, செவன் அயன் என்ற இரும்பு மட்டையால் கிரீனில் பந்தை இறக்குவார். அதைப் பார்க்க மெம்பர்கள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கை தட்டுவார்கள். ஒருவராவது ‘நீ போட்டியில் ஆடு’ என்று சொன்னாரா? அவருக்கு எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது, எழுத வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை. நாமும் கேட்கவில்லை. எனக்கு அப்போது அது தோன்றக்கூட இல்லை என்பதுதான் இப்போது தூங்க விடாமல் பண்ணுகிறது.

கடைசியாக மே 26, திங்கள் சாயங்காலம் பார்த்தேன். இந்த வருஷப் போட்டி அதற்கு முந்தின நாள்தான் முடிந்திருந்தது. ஆங்கெல் கப்ரேரா, அர்ஜென்டினா. ஒரே ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். அவரும் பையனாக இருந்தபோது பை தூக்கியவர். யு.எஸ். ஓப்பன், மாஸ்டர்ஸ் இரண்டையும் ஜெயித்தவர். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று உற்சாகமாக ஆரம்பித்துவிட்டு, மறைக்க மனம் வராமல் மற்றதையும் சொன்னேன். கூட வாழ்ந்த பெண்களை அடித்து மிரட்டிய வழக்குகளில் சிறைக்குப் போய், 2023-ல் வெளியே வந்தவர். தண்டனையை அனுபவித்துவிட்டார், மறுபடி ஆட விட்டிருக்கிறார்கள், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஆடட்டும். ஆனா கேடியா இருந்தவன்னு என்கிட்ட சிபாரிசுக்கு வராதே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொம்பளைங்க பேரு உன் பட்டியல்ல இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் நாங்கள் பேசவில்லை.

காரியம் ஊரிலேயே எளிமையாக நடக்கிறது, பதினாறாம் நாள் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. கடிதம் அதற்குள் கிடைத்தால் வந்துவிடு. கிடைக்காவிட்டாலும் வந்துவிடு. அண்ணி அவருடைய செவன் அயனை என்னிடம் கொடுத்திருக்கிறாள். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும் அதே பழைய கிளப். அதை உனக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தாராம், எனக்கில்லை. நாற்பத்தைந்து வருஷம் பக்கத்திலேயே இருந்தவன் நான்! காரணம் கேட்டதற்கு அண்ணி சொன்னாள்: “மணி அதைச் சுவத்துல மாட்டி வெப்பான். பீட்டர்னா அடிப்பான்.”

இப்போது வரை சுவரில்தான் மாட்டியிருக்கிறேன். சீக்கிரம் வந்து எடுத்துக்கொண்டு போ.

உன்,
மணி