குஞ்சுகள் எங்கே போகின்றன? அலங்கார வாத்து வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

பண்ணை வீட்டிலும் ரிசார்ட்டிலும் மாண்டரின் வாத்து, கரோலினா வாத்து, கருப்பு அன்னம் என்று ஜோடி ஜோடியாக வாங்கி விடும் அன்பர்களுக்கு,

வணக்கம். நானும் வாத்துக்காரன்தான். திருநெல்வேலிப் பக்கம் என் தோப்புக் காவலுக்கு ஆறு கூஸ் வாத்துகள் நிற்கின்றன. முன்பின் தெரியாத ஆள் வேலியைத் தொட்டால் அவை போடும் கூச்சலில் நாயே ஒதுங்கிப் போகும். அதனால் பறவை வளர்ப்பதே பாவம் என்று பாடம் எடுக்க வரவில்லை. கேட்க வந்தது ஒன்றுதான்: உங்கள் குளத்தில் பொரிக்கும் குஞ்சுகள் எங்கே போகின்றன?

போன மாசியில் ஒரு நண்பரின் பண்ணைக்குப் போயிருந்தேன். வலை போடாத திறந்த குளம். ஆண் மாண்டரின் ஒன்று, முதுகில் இரண்டு ஆரஞ்சுப் பாய்களை விரித்த மாதிரி, கரையில் நின்றது. சாயங்காலக் காற்று எழுந்ததும் தண்ணீர் மேல் ஓடி றெக்கையை அடித்தது. ஒரு பக்கம் முழு றெக்கை, மறுபக்கம் மொட்டை. சாய்ந்து, அரை வட்டம் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே விழுந்தது. குஞ்சாக இருக்கும்போதே மணிக்கட்டு மூட்டுக்கு அப்பால் எலும்போடு கத்தரித்துவிட்டார்கள். இறகை மட்டும் நறுக்கினால் அடுத்த இறகுதிர்வில் புதிது முளைத்துவிடும், இது முளைக்காது.

அதே குளத்தில் பச்சைத்தலை மல்லார்டுகளின் குஞ்சுகள் றெக்கை முழுசாகப் பறந்துகொண்டிருந்தன. "அதுகளப் பிடிக்க முடியல. சாயங்காலம் தானா வந்துரும்" என்றார் நண்பர். எதிர்க்கரைக் கோரைக்குள் நாலு புள்ளிமூக்கு வாத்துகள், நம்மூர்க் குளத்துப் பறவைகள், மேய்ந்துகொண்டிருந்தன. மல்லார்டும் அதுவும் ஒட்டிய சொந்தம், ஜோடி சேர்ந்து கலப்புக் குஞ்சு பொரிக்கும். நியூசிலாந்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்ட மல்லார்டு, அந்நாட்டுச் சாம்பல் வாத்தோடு கலந்து கலந்து, கலப்பில்லாத சாம்பல் வாத்தைத் தேட வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

"எங்களைப் போல வளர்த்தவர்கள்தானே நேநேவைக் காப்பாற்றினார்கள்?" என்று கேட்பீர்கள். உண்மை. ஹவாய்த் தீவுகளின் அந்த வாத்து முப்பதளவில் சுருங்கிப்போயிருந்தபோது, 1950-இல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் பீட்டர் ஸ்காட் நடத்திய நீர்ப்பறவைத் தோட்டத்துக்கு ஒரு ஜோடி வந்தது. ஜோடி என்று நினைத்தவை இரண்டுமே முட்டையிட்டன! அவசரமாக ஒரு ஆண் வாத்தை விமானத்தில் வரவழைத்தார்கள். 1962-இல் அங்கே பெருகிய பறவைகளைப் பெட்டிகளில் சுமந்து மாவி தீவின் ஹலேயாகலா எரிமலைப் பள்ளத்தில் விட்டார்கள். 2019-இல் அமெரிக்க அரசு அதை 'அழியும் நிலை' பட்டியலிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த பட்டியலுக்கு மாற்றியது. ஒவ்வொரு குஞ்சும் எங்கே போகவேண்டும் என்று அங்கே முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அதே ஸ்லிம்பிரிட்ஜின் இன்னொரு கதையை யாரும் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. 1948-இல் வட அமெரிக்காவிலிருந்து ரட்டி வாத்துகளையும் வரவழைத்தார்கள். றெக்கை வெட்டுவதற்குள் கைக்கு அகப்படாத குஞ்சுகள் 1950-களில் பறந்துபோயின. 2000 வாக்கில் பிரிட்டனில் சுமார் 6,000. அங்கிருந்து ஸ்பெயின் போய், 1977-இல் வெறும் 22 ஆகக் குறைந்து பிறகு மெல்லத் தேறிவந்த வெண்தலை வாத்தோடு கலக்கத் தொடங்கின. கடைசியில் 2005-இல் பிரிட்டன் அரசே துப்பாக்கி ஏந்தி ரட்டி வாத்தை ஒழிக்க இறங்கியது. உலகிலேயே வாத்தை நன்றாக அறிந்த ஆட்கள் வைத்திருந்த இடத்தில் நடந்தது இது. நம் மேஸ்திரி, வாட்ச்மேனை நம்பி விட்ட குளம் எம்மாத்திரம்?

வெட்டினால் பறவைக்குக் கேடு, வெட்டாவிட்டால் ஊர்க் குளத்துக்குக் கேடு. நடுவில் ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது: குளத்துக்கு மேலே வலை. மெல்லிய மீன்வலை வேண்டாம். இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, கொக்கும் நாரையும் கால் மாட்டிச் சாகும். தடித்த நூல் வலை, உயரமான கம்பம். செலவு கைக்கு மீறினால் முட்டையைப் பொரிக்க விடாதீர்கள். அதுவும் முடியாதென்றால் கனத்த கூஸ் வாத்து வளருங்கள். உடம்பைத் தூக்கிக்கொண்டு அது அதிக தூரம் போகாது. வயலில் கிடந்ததென்று புள்ளிமூக்கு, சீழ்க்கைச் சிறகி போன்ற காட்டு வாத்து முட்டைகளை எடுத்துவந்து கோழிக்கு அடைவைப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஒரு சின்னக் குறை: வெள்ளைக் கூஸ் வாத்து நிற்கும் இடத்தில் 'அன்னம்' என்று போர்டு வைக்காதீர்கள். குமரித்துறையில் அயிரை மேய்ந்து வடமலைக்குப் பறக்கும் அன்னத்தைப் புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார் கூப்பிடுகிறார். அது எந்தப் பறவை என்று புலவர்கள் வழக்காடட்டும். எனக்கு, குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டிக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துதான் நினைவுக்கு வருகிறது.

நண்பர் இப்போது வலைக்கு அளவெடுத்திருக்கிறார். உங்களுக்கும் கம்பம் நட ஆள் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்றைக்கு என் வாத்துகளுக்குத் தவிடு பிசைய ஒருவரை அனுப்பிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாத்துக்காரன்