டயரை இழுத்து மாட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

என் அக்கா மகன் காருக்கு ஒன்பது அங்குல அகல வீல் வாங்கி, அதில் பழைய 205/55 ஆர்16 (205 மி.மீ. அகலம், 16 அங்குல விட்ட வீலுக்கானது) டயரையே மாட்டச் சொன்னான். கூடவே போயிருந்தேன். அந்த அளவு டயருக்கு ஐந்தரை முதல் ஏழரை அங்குல அகல வீல்தான் கணக்கு. காற்று எவ்வளவு அடித்தும் டயரின் ஓரம் வீல் விளிம்பில் உட்காரவில்லை, கடைப் பையன் ஏதோ ஸ்பிரேயை உள்ளே அடித்துத் தீக்குச்சியைக் காட்டினான், டமார் என்று உட்கார்ந்தது! எனக்குக் குலை நடுங்கிவிட்டது.

அகல வீலில் ஒடுக்கமான டயரை இப்படி இழுத்து மாட்டுவது, ஜப்பானில் டிரிஃப்ட் (வளைவில் காரைச் சறுக்கவிட்டு) ஓட்டுபவர்களும் ஜெர்மனியில் காரைத் தாழ்த்தி ஓட்டுபவர்களும் பழக்கிய ஸ்டைல். டயரின் பக்கச்சுவர் விறைப்பாக நிற்பதால் ஸ்டீயரிங் சட்டென்று திரும்புவது உண்மைதான், சரி. ஆனால் வீல் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நம்மூர்ப் பள்ளத்தில் முதல் அடி வீலுக்குத்தான். காற்று கொஞ்சம் குறைந்திருக்கும்போது வளைவில் வேகமாகத் திருப்பினால் டயர் வீலைவிட்டே கழன்றுவிடலாம்.

சைலன்சர் சத்தத்துக்கு அபராதம் போடும் போலீசார், வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வைத்து இந்த டயர்களையும் கொஞ்சம் குனிந்து பார்க்கக்கூடாதா?

– ஒரு வாசகர், கோவை