விமானியறை எதை மறைக்கிறது என்பதும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விமானியின் கண்ணசைவு, இதயத்துடிப்பு, மூளை மின்னலைகள் ஆகியவற்றிலிருந்து அவரது பணிச்சுமையைக் கணித்து, அதற்கேற்பத் திரைகளையும் எச்சரிக்கைகளையும் தானே மாற்றிக்கொள்ளும் விமானியறை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் தேவையில் எனக்கு ஐயமில்லை. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவான்டாஸ் 32 விமானத்தின் இரண்டாம் எஞ்சின் வெடித்துச் சிதறியபோது, திரையில் அடுத்தடுத்து வந்து குவிந்த கோளாறுச் செய்திகளுக்குரிய நடைமுறைகளை முடிக்கவே சுமார் 50 நிமிடங்கள் பிடித்தன. தற்செயலாக அன்று அந்த ஏ380 விமானியறையில் ஐந்து விமானிகள் இருந்தார்கள்.

சுமையைக் குறைப்பதற்காக ஒரு செய்தியை மறைக்கும் கணினி, மறைத்ததை விமானியிடம் சொல்லுமா என்பதைக் கட்டுரை தொடவில்லை. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேரைப் பலிகொண்ட ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) எச்சரிக்கை ஒரு கட்டத்தில் 54 விநாடிகள் இடைவிடாமல் ஒலித்து, பிறகு நின்றது. ஆபத்து நீங்கியதால் அல்ல. கருவிகள் அளந்த வேகம் 60 நாட் (மணிக்குச் சுமார் 111 கி.மீ.) அளவுக்குக் கீழே போனதும், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தின் அளவைக் கணினி நம்பத்தகாததாகக் கருதியதால். மூக்கைத் தாழ்த்தியபோது வேக அளவு கூடி எச்சரிக்கை மறுபடி ஒலித்தது. ஸ்டாலிலிருந்து மீள்வதற்கான சரியான செயலே தவறுபோலத் தோன்ற இதைவிட என்ன வேண்டும்? அது பணிச்சுமைக்காக அடக்கப்பட்ட ஒலியன்று என்பது உண்மைதான். ஆயினும் காரணம் சொல்லாமல் நின்றுபோகும் எச்சரிக்கை என்ன செய்யும் என்பதற்கு அதுவே சான்று.

ஏர்பஸ் ஏ320 விமானம் மேலெழும்போது, அவசரமற்ற பல எச்சரிக்கைகளைக் கணினி இப்போதே நிறுத்திவைக்கிறது. ஆனால் அதைத் திரையில் ‘டி.ஓ. இன்ஹிபிட்’ (மேலெழும்போது நிறுத்திவைப்பு) என்று மெஜந்தா நிற எழுத்தில் காட்டிவிட்டே செய்கிறது. அந்த ஏற்பாடு விமானத்தின் நிலையைச் சார்ந்தது. எல்லாப் பயணத்திலும் ஒன்றேபோல் நடப்பதால் பயிற்சியிலேயே பழகிவிடலாம். இதயத்துடிப்பை நம்பும் ஏற்பாடு அப்படியன்று. சிக்கலில்லாத தரையிறக்கத்திலும் துடிப்பு கூடத்தான் செய்யும். மேலும், ஒரே நேரத்தில் ஒரு விமானி திணறிக்கொண்டிருக்கலாம், அருகிலிருப்பவர் நிதானமாக இருக்கலாம். இருவருக்கும் பொதுவான நடுத்திரை அப்போது யாருடைய சுமைக்கேற்ப மாறும் என்பதைக் கட்டுரையாளர் ஒரு தொடர் கட்டுரையில் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்