2024 ஆண்டறிக்கை: பிள்ளைகளின் பட்டாம்பூச்சி வகுப்பு

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விருந்து, தீபாவளி அன்பளிப்பு, துப்புரவுப் பணி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நாம் தொடங்கிய பட்டாம்பூச்சி வகுப்பைப் பற்றி.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் வரை நடக்கிறோம். அதே சாலையின் கோடியில் 1884-இல் அமைந்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. முதல் வகுப்பை அங்கே வைத்தோம், சரியாக அமையவில்லை. நான் தயாரித்த பட அட்டையில் எல்லாப் பூச்சிகளும் இறக்கையை விரித்தபடி இருந்தன. பூங்காவில் அவை பெரும்பாலும் இறக்கையை மடக்கித்தான் உட்கார்ந்தன. மடக்கினால் தெரிவது அடிப்பக்கம். அதன் நிறமும் கோலமும் பல வகைகளில் முற்றிலும் வேறு. பிள்ளைகள் அட்டையையும் பூச்சியையும் மாறி மாறிப் பார்த்துச் சோர்ந்துபோனார்கள். குறை அட்டையில்தான்.

அடுத்த முறை அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டோம். பெயர் சொல்வதற்கு முன் உடலைப் பார்க்கச் சொன்னோம். உணர்கொம்பின் நுனி குமிழ்போல் தடித்திருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் அது பட்டாம்பூச்சி. சீப்புபோல் இருந்தால் அந்துப்பூச்சி. பின்னிறக்கையில் வால் உண்டா? உடல் என்ன நிறம்? கால்கள் எத்தனை?

இந்தக் கடைசிக் கேள்வியில் எனக்கே பாடம் கிடைத்தது. கோயில் பின்புறம் பிள்ளையாருக்காக வளர்க்கும் எருக்கஞ்செடியில், கூட்டைவிட்டு அப்போதுதான் வெளிவந்த வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "நாலு கால்தான் சார்" என்றாள். பூச்சி என்றால் ஆறு கால், மறுபடி எண்ணு என்றேன். மறுபடியும் நாலு என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அந்தப் பட்டாம்பூச்சிக் குடும்பத்தில் முன்னங்கால்கள் இரண்டும் சிறுத்து, மார்போடு ஒட்டிக் கிடக்கும், நிற்பது நான்கில்தான். அன்றே எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் அவளிடம் அதை ஒப்புக்கொண்டேன். கண்ணால் கண்டதை விட்டுக்கொடுக்காத பிள்ளையைவிட இந்த வகுப்புக்கு வேறென்ன வேண்டும்?

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ரோஜா அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி ஜோடி. ரோஜா அழகியின் புழு தின்னும் கொடியின் நஞ்சு பூச்சியிலும் தங்குவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை, ரோஜா அழகியைப்போலவே கறுப்பு இறக்கையில் வெள்ளையும் சிவப்பும் பூண்டு வருகிறது. இறக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ரோஜா அழகியின் உடல் சிவப்பு, மற்றதன் உடல் கறுப்பு. இதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் இறக்கையை விட்டு நேரே உடலைத்தான் தேடினார்கள்.

அக்டோபர் மழையில் ஒரு வகுப்பு நின்றுபோனது. வெயில் இல்லாமல் பட்டாம்பூச்சி பறக்காது என்பதால் வரும் ஆண்டில் பிப்ரவரியிலேயே தொடங்கச் செயலவை முடிவு செய்துள்ளது. தெலுக் பஹாங்கில் உள்ள எந்தோப்பியா பட்டாம்பூச்சிப் பண்ணைக்கும் ஒரு நாள் அழைத்துச் செல்ல எண்ணம். பேருந்துச் செலவை இன்றைய கூட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது கறிவேப்பிலை அழகியின் இளம்புழுவாக இருக்கலாம். மருந்து அடிக்காமல், ஒரு கிளையை மட்டுமாவது அதற்கு விட்டுவையுங்கள். பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுகிறோம்.

நன்றி.
செயலாளர்