இரண்டாவது மானிட்டர் இணைத்ததும் கேம் திக்குவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாவது மானிட்டரை இணைத்த அன்றிலிருந்து கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்பது கணினியில் விளையாடுவோர் பலரின் புகார். "கிராபிக்ஸ் கார்டை மாற்றுங்கள்" என்ற பதிலும் உடனே வந்துவிடுகிறது. பெரும்பாலான நேரங்களில் அது தவறான பதில். பெரும்பாலும் கார்டுக்கு வலு போதாமல் வரும் கோளாறு அல்ல இது. இரண்டு திரைகளின் வேகம் ஒத்துப்போகாமல் வரலாம். இரண்டாவது திரையில் ஓடும் வேறொரு மென்பொருளால் வரலாம். கேபிளைத் தவறான இடத்தில் செருகியிருந்தாலும் வரலாம். செலவு செய்வதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எது காரணம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் நோயைச் சரியாகச் சொல்ல வேண்டும். "லேக் ஆகுது" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு குறைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாம் திரும்பும்போது காட்சி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் தாவித் தாவி வருகிறார்கள் என்றால் அது இணையக் கோளாறு. எல்லாமே ஒரே சீராக மந்தமாக இருந்தால், அங்கேதான் கார்டுக்கோ பிராசஸருக்கோ வலு போதவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கும் குறைவாக நின்று, பிறகு சட்டென்று தாவினால் அதுதான் ஸ்டட்டர் எனப்படும் திக்கல்.

திரையின் மூலையில் தெரியும் எஃப்.பி.எஸ். எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம்கள் (படங்கள்) வருகின்றன என்ற கணக்கை, நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃப்ரேமுக்கு 6.94 மில்லி வினாடி கிடைக்கிறது. ஒரு நொடிக்குள் ஒரே ஒரு ஃப்ரேம் 100 மில்லி வினாடி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 900 மில்லி வினாடியில் ஏறத்தாழ 130 ஃப்ரேம்கள் வந்துவிடும். எண் 130 என்றே காட்டும், கண்ணுக்கோ கேம் நின்று தாவியது தெளிவாகத் தெரியும். ஆகவே பார்க்க வேண்டியது, ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும் ஃப்ரேம் டைம் வரைபடம். ரிவா டியூனர், கேப்ஃப்ரேம்எக்ஸ், பிரசென்ட்மான் ஆகிய மூன்றும் இலவசம். மூன்றுமே அதைக் காட்டும். கோடு ஏறக்குறைய நேராக ஓடினால் நலம். நடுநடுவே ஊசி போல எழும்பினால் ஒவ்வோர் ஊசியும் ஒரு திக்கல்.

அடுத்து, கணினியின் பின்புறம். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். நிமிர்ந்து நிற்கும் வழக்கமான கேபினெட்டில், யு.எஸ்.பி., லேன், ஆடியோ துளைகளோடு சேர்ந்து மேலே இருக்கும் ஹெச்.டி.எம்.ஐ. துளை மதர்போர்டுடையது. அதற்குக் கீழே, படுக்கை வாக்கில் ஒரே வரிசையில் இருப்பவைதான் கிராபிக்ஸ் கார்டின் துளைகள். கேம் ஓடும் மானிட்டரை மேலே உள்ளதில் செருகியிருந்தால், கார்டு வரைந்த ஒவ்வொரு ஃப்ரேமும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் உள்ளமை கிராபிக்ஸுக்கு நகலெடுக்கப்பட்ட பிறகே திரைக்கு வரும். கேம் மானிட்டர் எப்போதும் கார்டில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது மானிட்டரையும் முதலில் கார்டிலேயே இணைத்துப் பாருங்கள். சில கணினிகளில் அதை மதர்போர்டுக்கு மாற்றினால் கார்டின் சுமை குறைந்து நன்மை கிடைப்பதும் உண்டு. சிலவற்றில் இரண்டுக்கும் இடையே நடக்கும் நகலெடுப்பே திக்கலைக் கூட்டும். இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ஒவ்வொரு திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதை) பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் என்று வாங்கிய மானிட்டர் 60-இலேயே ஓடிக்கொண்டிருப்பது அரிதல்ல.

இப்போது சோதனை. கேமில் ஒரே இடத்தை, ஒரே வழியில், ஐந்து நிமிடம் வீதம் மூன்று முறை சுற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு சுற்று சும்மா போய்வந்துவிடுங்கள். புதிய இடத்துக்குள் முதல்முறை நுழையும்போது ஷேடர் எனப்படும், காட்சியை வரையும் சிறு நிரல்களைத் தொகுப்பதால் வரும் திக்கலுக்கும் மானிட்டருக்கும் சம்பந்தமில்லை. அதைக் கணக்கில் சேர்த்தால் முடிவு கெட்டுவிடும். முதல் சோதனையில் விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' தேர்ந்தெடுத்து ஒற்றைத் திரையில் ஆடுங்கள். இரண்டாவதில் இரண்டு திரையும் எரியட்டும், ஆனால் இரண்டாவது திரையில் எந்த ஜன்னலும் திறந்திருக்கக் கூடாது. மூன்றாவதில் அங்கே ஒரு வீடியோவை ஓடவிடுங்கள்.

ஒற்றைத் திரையிலும் திக்கினால் மானிட்டரை விட்டுவிடுங்கள். காரணம் வேறெங்கோ இருக்கிறது. வெற்றுத் திரை இணைந்திருந்தாலே திக்கினால் ரெஃப்ரெஷ் ரேட், கேபிள், டிரைவர் இவற்றில் ஒன்று. வீடியோ ஓடும்போது மட்டும் திக்கினால் குற்றவாளி பிரவுசர் அல்லது கார்டின் சுமை. இந்த மூன்று விடையும் கையில் இல்லாமல் டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவது, விண்டோஸையே புதிதாகப் போடுவது எல்லாம் வீண் உழைப்பு.

இரண்டு திரைகளின் வேகம் ஏன் மோதுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரையில் தெரியும் ஜன்னல்களை எல்லாம் ஒன்றுசேர்த்துக் காட்டுவது டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்ற விண்டோஸ் உறுப்பு. விண்டோஸ் 8-இலிருந்து அதை நிறுத்தவே முடியாது. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு அது 16.67 மில்லி வினாடிக்கு ஒருமுறை படம் தர வேண்டும்; 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.94-க்கு ஒருமுறை. 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4, சரியாக வகுபடாது. பழைய விண்டோஸ் 10 பதிப்புகளில், இரண்டாவது திரையில் ஏதாவது அசைந்தாலே வேகமான திரையும் மெதுவான திரையின் தாளத்துக்கு இழுக்கப்பட்டுவிடும். 2020 மே மாதம் வந்த 2004 பதிப்பில் இது பெருமளவு சீரானது. எனவே முதலில் ரன் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் அடித்து உங்கள் பதிப்பைப் பாருங்கள். அதற்கு முந்தையது என்றால் புதுப்பிப்பதே மருந்து. புதிய பதிப்பிலும் சந்தேகம் இருந்தால், கேம் மானிட்டரை 120 ஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒரு சுற்று ஆடுங்கள். 120 என்பது 60-இன் சரியான இருமடங்கு. திக்கல் மறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 144-க்கும் 120-க்கும் உள்ள இடைவெளி 1.4 மில்லி வினாடிதான்; சீரான 120, திக்கும் 144-ஐவிட எவ்வளவோ மேல்.

கேமை பார்டர்லெஸ் முறையில் (திரை முழுவதையும் நிரப்பும் ஓரமற்ற ஜன்னலாக) ஆடுகிறவர்கள் ஒருமுறை முழுத்திரை முறைக்கு மாற்றிப் பார்க்கலாம். இரண்டாவது திரையில் கிளிக் செய்தால் கேம் சுருங்கிவிடும் என்ற தொல்லை உண்டு, ஆனால் சோதனைக்கு உதவும். என்விடியா கார்டில் ஜி-சிங்க் (கேமின் வேகத்துக்கேற்ப மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதி) இருந்தால் 'முழுத்திரைக்கு மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வீடியோ ஓடினால்தான் திக்குகிறது என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை எஃப்.பி.எஸ். வரம்பு. கேம் கார்டை 99 சதவீதம் பிழிந்துகொண்டிருக்கும்போது, பிரவுசரும் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜரும் அதே கார்டில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அவை இடையில் புகும் நேரத்தில் கேமின் ஃப்ரேம் தாமதமாகிறது. கேமுக்குள்ளேயோ ரிவா டியூனரிலோ வரம்பு வைத்து, கார்டின் பயன்பாடு 85 முதல் 90 சதவீதத்தில் நிற்கும்படி செய்யுங்கள். மாறும் ரெஃப்ரெஷ் ரேட் உள்ள 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு உச்சவரம்பு 141. கார்டு திணறினால் 120, 100 என்று இறக்கலாம். சராசரி எண் குறையும், ஆட்டம் சீராகும். இதைச் செய்யத் தயங்குகிறவர்கள்தான் அதிகம், பலன் கிடைப்பதும் இதில்தான் அதிகம்.

போதவில்லை என்றால் பிரவுசரிலும், அரட்டைச் செயலியான டிஸ்கார்டிலும், வேலையைக் கார்டிடம் தள்ளும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். வீடியோவை விரிக்கும் வேலை அப்போது பிராசஸருக்குப் போய்விடும். பழைய நான்கு கோர் பிராசஸர் என்றால் நிலைமை மோசமாகலாம். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு இன்ஜின் என்ற பத்தியைச் சேர்த்தால் எந்த நிரல் கார்டின் எந்தப் பகுதியைத் தின்கிறது என்று தெரியும். இரண்டாவது திரையில் அசையும் வால்பேப்பர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இரண்டாவது மானிட்டர் வீடியோ மெமரியை விழுங்கிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. முழு ஹெச்.டி. திரையின் ஒரு படத்துக்குத் தேவை ஏறத்தாழ 8.3 எம்.பி.; 4கே திரைக்கும் 33 எம்.பி.தான். அதை இரண்டு மூன்று மடங்காக்கினாலும் 8 ஜி.பி. கார்டுக்கு அது பொருட்டே அல்ல. மெமரியைத் தின்பது பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்கள்.

திக்கலின் தாளத்தையும் கவனியுங்கள். கைக்கடிகாரம் போல நொடிக்கு ஒருமுறை வந்தால் வெப்பநிலை காட்டும் மென்பொருளையும் விசைப்பலகை விளக்குகளை ஆட்டுவிக்கும் மென்பொருளையும் சந்தேகியுங்கள். திக்கலை அளக்கத் திறந்த கருவியே திக்கலுக்குக் காரணமாக இருக்கலாம். சில பல நொடிகளுக்கு ஒருமுறை, அதுவும் இரண்டாவது திரை அணைந்திருக்கும்போது வந்தால், அந்த மானிட்டரோ டி.வி.யோ தூக்கத்தில் இருந்தபடியே தொடர்பை அறுத்து அறுத்து இணைக்கிறது. பட்டனை அணைத்துச் சோதித்தால் இது தெரியாது; கேபிளையே உருவ வேண்டும். உருவியதும் சரியானால் மானிட்டரின் சொந்த மெனுவில் தானியங்கி இன்புட் தேடலையும் ஆழ்ந்த உறக்க முறையையும் அணைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, கிராபிக்ஸ் செட்டிங்ஸில் உள்ள ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங்; கார்டின் வேலை வரிசையைக் கார்டே கவனித்துக்கொள்ளும் அமைப்பு இது. போட்டும் பாருங்கள், அணைத்தும் பாருங்கள். மாற்றியதும் ரீஸ்டார்ட் அவசியம். மற்றொன்று மல்டிபிளேன் ஓவர்லே; ஜன்னல்களை ஒன்றுசேர்க்கும் வேலையில் ஒரு பகுதியைக் கார்டின் வன்பொருளே செய்யும் வசதி. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டி.டபிள்யூ.எம். என்ற கிளைக்குப் போய், 'ஓவர்லே டெஸ்ட் மோட்' என்ற பெயரில், ஆங்கிலத்தில் இடைவெளியின்றி, ஒரு 32-பிட் டிவேர்ட் (எண் மதிப்பு கொண்ட பதிவு) உருவாக்கி மதிப்பு 5 கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் பல விண்டோஸ் பதிப்புகளில் அது அணையும். முன்னதாக அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் அந்த டிவேர்டை அழித்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்தைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாமல் போகும்.

தங்கள் இதழுக்குக் கணினிச் சந்தேகம் அனுப்பும் வாசகர்களிடம், விண்டோஸ் பதிப்பு, இரண்டு மானிட்டர்களின் ரெஃப்ரெஷ் ரேட், எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது, மேலே சொன்ன மூன்று சோதனைகளின் முடிவு ஆகிய நான்கையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணினிப் பழுதுநீக்கும் பணியிலுள்ள வாசகர்