ஓட வேண்டிய பெட்டிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க நகரங்களின் பழைய ரயில் பெட்டிகள் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் 'அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிறுத்தி வைத்தால் போதும்' என்று முடித்திருந்தது மனதுக்கு ஒப்பவில்லை.

மகளைப் பார்க்க நியூயார்க் போயிருந்தபோது, டிசம்பர் சனிக்கிழமை ஒன்றில் 1930களின் சுரங்க ரயிலில் ஏறினேன். வழக்கமான டிக்கெட் கட்டணம்தான். பிரம்பு பின்னிய இருக்கை, கூரையில் சுழலும் விசிறி, மூடியில்லாத குண்டு பல்புகள். வண்டி வேகமெடுத்ததும் கீழே மோட்டார் ஊளையிட்டது பாருங்கள், அந்தச் சத்தத்தை நின்ற பெட்டியில் எப்படிக் கேட்பது? எதிரே இருந்த பாட்டி ஒருவர், பள்ளிக்கு இதில்தான் போனதாகப் பேரனிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்தப் பெட்டிகளைக் காக்கும் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகமே 1946இல் மூடப்பட்ட ஒரு சுரங்க நிலையம்தான். அதன் தண்டவாளம் இன்றும் மற்ற பாதைகளோடு இணைந்திருப்பதால், அங்கிருந்தே பெட்டிகளை ஓட்டிக்கொண்டு வர முடிகிறது. சிகாகோவிலும் 1923இல் செய்த இரண்டு பெட்டிகளை விசேஷ நாட்களில் ஓட்டுகிறார்கள்.

எல்லாப் பெட்டிகளுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. 'ரெட்பேர்ட்' எனப்பட்ட நியூயார்க்கின் சிவப்புப் பெட்டிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 2001 முதல் அட்லாண்டிக் கடலில் இறக்கிவிட்டார்கள், மீன்களுக்குச் செயற்கைப் பாறையாக. அந்தக் கதையையும் அடுத்த மலரில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை